கம்ப்ரஸர் எங்கே நிற்கிறது? ஏர்லைன் மாஸ்க் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மணலி பக்கம் ஒரு டேங்க் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே பிளாஸ்டிங் நடக்கிறது, அதாவது அழுத்தக் காற்றில் துகளை அடித்துத் துருவை உரிக்கிற வேலை. வெளியே இரண்டு பையன்கள், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், உள்ளே இருப்பவனின் ஏர்லைன் மாஸ்க்குக்கு ஓஸ் வழியாகக் காற்று அனுப்புகிற வாடகை டீசல் கம்ப்ரஸரை டேங்கின் கிழக்குப் பக்கம் ஒட்டி நிறுத்திவிட்டு அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே பக்கம், அதே மாதிரிதான் நானும் ஒருகாலத்தில் நிறுத்தினேன்.

மாஸ்க் போடாமல் உள்ளே போகாதே, கிழிந்த ஓஸை மாட்டாதே என்பதெல்லாம் கேட் பாஸ் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறது, பர்மிட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது, அதற்குப் பிறகும் ஆளைச் சாய்க்கிற தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

கம்ப்ரஸர் எங்கே நிற்கிறது

ஏர்லைன் மாஸ்க் போட்டவன் டேங்குக்குள் இருந்தாலும் அவன் மூக்கு இருப்பது வெளியே, கம்ப்ரஸரின் காற்று இழுக்கும் வாயில். அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவன் நெஞ்சுக்குள் போகும். இது எனக்குப் புரிய ஒரு ஆள் விழ வேண்டியிருந்தது.

நான் ஃபோர்மேனாக இருந்த காலம். மே மாதம். டேங்கின் உள்பக்கம் முழுக்க பிளாஸ்ட் செய்து பெயின்ட் அடிக்கிற வேலை. துகள் நிரப்பும் பிளாஸ்டிங் பாட்டுக்கும் தலையை மூடுகிற ஹூடுக்கும் ஒரே டீசல் கம்ப்ரஸர், நடுவில் காற்றை வடிகட்ட ஒரு ஃபில்டர் பேனல். மதியம் நிழல் கிடைக்கும், மிஷின் சூடாகாது என்று டேங்கின் கிழக்கே நிறுத்தினேன். காலையில் மேற்கிலிருந்து வெக்கைக் காற்று. புகைபோக்கி கிழக்கே பார்க்க, காற்று இழுக்கும் பக்கம் மேற்கே இருக்கும்படி திருப்பி வைத்தேன். புகை கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ பிறந்தவனுக்கு மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பும் என்று சொல்லித்தர வேண்டுமா? எனக்கும் தெரியும். ஆனால் அது சட்டையைக் காயவைக்கிற விஷயமாகத் தெரிந்ததே தவிர, கம்ப்ரஸரோடு அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு மணி வாக்கில் காற்று திரும்பியது. கிழக்கே போன புகை அப்படியே மிஷின் மேலாகத் திரும்பி, டேங்க் சுவரில் மோதி, அங்கேயே சுழன்றது. காற்று இழுக்கும் வாய் அந்தச் சுழலுக்குள்தான் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போன பையன் அரை மணி நேரத்தில் வெளியே வந்தான். "அண்ணே, தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றான். "வெயிலுடா தம்பி, மோர் குடி" என்றேன். மோர் குடித்தான். பத்து நிமிஷம் உட்கார்ந்தான். வெளிக்காற்றில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. நான் திரும்பவும் உள்ளே அனுப்பினேன்.

அனுப்பினேன் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. இரண்டாவது முறை அவன் ஹூடுக்குள்ளேயே வாந்தி எடுத்துக்கொண்டு சரிந்தான். இடுப்பில் பெல்ட்டும் கயிறும் இருந்ததால் இழுத்தோம். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர்தான், "பக்கத்தில் ஜெனரேட்டர் ஏதாவது ஓடியதா?" என்று கேட்டார். உள்ளே ஒன்றும் ஓடவில்லை என்று சத்தியம் செய்கிற குரலில் சொன்னேன். "வெளியே?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்பு. வெறும் காற்றைச் சுவாசித்தால் உடம்பிலிருந்து பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும், சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம். நான் கொடுத்ததோ பத்து நிமிஷமும் ஒரு டம்ளர் மோரும். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இந்த வேலைக்குத் திரும்ப வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கம்ப்ரஸரின் சொந்தப் புகை மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆலைக்குள்ளும் அதே கதைதான். காலையில் இடம் காலியாக இருக்கும். பதினொரு மணிக்கு ஒரு லாரி வந்து கம்ப்ரஸரின் வாய்க்கு நேரே நின்று உறுமும். டிரைவரைக் குறை சொல்லி என்ன பயன்? அங்கே ஒருத்தன் மூக்கு இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது? நான் இப்போதெல்லாம் வாயைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுகிறேன். பக்கத்து ஆலையிலிருந்து வருவதும் அப்படித்தான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்களே, அந்த மாதிரி நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்ரஸர் ஊர்க்காற்றைப் பிரித்துப் பார்த்து இழுக்காது.

என்ன செய்யலாம்? முடிந்தால் சுவாசக் காற்று நிரப்பிய சிலிண்டர் டிராலி, இல்லையென்றால் சுவாசத்துக்கென்றே உள்ள எண்ணெயில்லாத மின்சார பம்ப். பம்ப்பும் நிற்கிற இடத்துக் காற்றைத்தான் தள்ளும், அதனால் இடம் பார்க்கிற வேலை குறையாது. டீசல்தான் என்றால் டேங்க் சுவரை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஒரு கம்பில் ரிப்பன் கட்டி வையுங்கள். மதியம் ரிப்பன் திரும்பினால் வேலையை நிறுத்தி மிஷினைத் திருப்புங்கள். அரை மணி நேரம் போகும், கான்ட்ராக்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

"அதான் ஃபில்டர் இருக்குல்ல"

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இது. ஆனால் இந்த ஒரு வாக்கியம் என் காதில் விழாத ஷட்டவுனே (ஆலையை நிறுத்திச் செய்கிற பராமரிப்பு வேலை) இல்லை, அதனால் தனியாக எழுதுகிறேன்.

பேனலில் இருக்கிற கரி ஃபில்டர் எண்ணெய் ஆவியையும் வாசனையையும் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. நிதானமாக யோசித்துப் பாருங்கள்: டீசல் புகையில் உங்களை எச்சரிக்கிற நாற்றத்தை ஃபில்டர் எடுத்துவிடுகிறது, கொல்லுகிற வாயுவை அப்படியே அனுப்பிவைக்கிறது. உள்ளே இருப்பவனுக்கு வருவது மணமற்ற, சுத்தமான மாதிரி இருக்கிற காற்று. ஹாப்கலைட் என்று ஒரு பொருள் போட்ட பேனல்கள் உண்டு. அது கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். ஆனால் ஈரம் பட்டால் அதன் வேலை போய்விடும். நம்மூர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, அதற்கு முன்னால் ஒரு டிரையர் சரியாக ஓடி ஈரத்தை எடுத்தால்தான் அது நிற்கும்.

புகை உள்ளே வராவிட்டாலும் மிஷினே இந்த வாயுவைத் தயாரிக்கும். எண்ணெய் போட்டு ஓடுகிற கம்ப்ரஸர் அளவுக்கு மேல் சூடானால் எண்ணெய் கருகி அது உண்டாகிறது. கூலரில் பிளாஸ்டிங் தூசி அப்பி, கத்திரி வெயிலில் மிஷின் அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று சூடேறினால் மிஷினை நிறுத்துகிற டெம்பரேச்சர் சுவிட்சைத் தாண்டி ஜம்பர் வயர் போட்ட எலக்ட்ரீஷியனை நான் பார்த்திருக்கிறேன். அவரைத் திட்டிவிட்டு நானே வயரைப் பிடுங்கினேன்.

சுவாசிக்கிற காற்றுக்கு அமெரிக்காவில் கிரேடு டி என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் பெரிய ஆலைகளில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் கூடாது, கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம்முக்கு மேல் கூடாது, எண்ணெய் கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பேனலிலேயே கார்பன் மோனாக்சைடு மானிட்டர் இருக்க வேண்டும், வேலை தொடங்கும் முன் டெஸ்ட் கேஸ் காட்டி அது கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் காற்றில் பூஜ்யம் காட்டுகிறது என்பது டெஸ்ட் ஆகாது. செத்துப்போன சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும். அப்புறம் அலாரத்தோடு விளக்கும் இருக்கட்டும். பிளாஸ்டிங் சத்தத்தில் அலாரம் யார் காதில் விழும்?

ஆக்சிஜன் மீட்டரை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. 1,200 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. சதவீதத்தில் அது வெறும் 0.12. ஆக்சிஜன் மீட்டரில் முள் அசைந்தது கூடத் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு எல்லா சைட் ஆபீசிலும் விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் ஒன்று கிடக்கிறது. தலைவலி என்று வந்த ஆளுக்கு அதை மாட்டி, "98 காட்டுது, ஒண்ணுமில்ல, போ" என்று சொன்ன சூப்பர்வைசர் ஒருவரை நான் நேரில் பார்த்தேன். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் உட்கார்ந்த ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்த ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தலைவலி என்று ஒருவன் வெளியே வந்தால், அவனை வெளிக்காற்றில் உட்காரவைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள், அந்த லைனில் இருக்கிற மற்றவர்களையும் வெளியே எடுங்கள். மோர் அப்புறம் கொடுக்கலாம்.

கப்ளிங் பொருந்திவிட்டது

ஆலைக்குள் ஒரே ரேக்கில் பொது வேலைக்கான பிளான்ட் ஏர், வால்வுகளை இயக்குகிற இன்ஸ்ட்ருமென்ட் ஏர், நைட்ரஜன் மூன்றும் ஓடும். ஓஸைக் குழாயோடு இணைக்கிற, நகம் வைத்த கிளா கப்ளிங் எதில் வேண்டுமானாலும் மாட்டும். பெயின்ட் உரிந்த குழாயில் எது எது என்று புதிதாக வந்த ஹெல்பருக்கு எப்படித் தெரியும்? பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், போர்டு இருப்பது ஆங்கிலத்தில்.

நைட்ரஜனில் மூச்சு முட்டாது. நமக்கு மூச்சுத் திணறலைக் காட்டுவது கார்பன் டை ஆக்சைடு உடம்பில் சேர்வதுதான். நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது அது வழக்கம்போல வெளியேறிவிடும். ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான், கையைத் தூக்கக்கூட நேரம் இருக்காது. அமெரிக்காவின் வேதி விபத்து விசாரணை வாரியம் 2003இல் வெளியிட்ட கணக்கில், 1992 முதல் 2002 வரை அந்த நாட்டில் மட்டும் நைட்ரஜனால் 80 பேர் இறந்ததாகச் சொல்கிறது. மாஸ்க்கில் தவறான லைனை மாட்டியதும் அந்தக் காரணங்களில் ஒன்று.

இன்ஸ்ட்ருமென்ட் ஏர் சுத்தமானதுதானே என்று ஒரு இன்ஜினியரே என்னிடம் வாதாடினார். சில ஆலைகளில் அந்த ஏர் பிரஷர் விழுந்தால் தானாகவே நைட்ரஜன் வந்து கைகொடுக்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். வால்வுகளுக்கு அது நல்லது. மாஸ்க் போட்டிருப்பவனுக்கு? சுவாசக் காற்று லைனுக்கு வேறு எதிலும் பொருந்தாத கப்ளிங் போடுங்கள், மாஸ்க்கில் மாட்டும் முன் ஓஸின் கடைசி முனையில் ஆக்சிஜன் மீட்டரைக் காட்டி 20.9 சதவீதம் வருகிறதா என்று பாருங்கள்.

பிரஷர் பார்க்கும் நேரம்

காற்று ஓடாதபோது கேஜ் காட்டுகிற எண் எதற்கும் ஆகாது. எல்லோருடைய ஹூடும் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். இரண்டாவது ஆள் மாட்டியதும் முதல் ஆளுக்குக் குறையும். முகத்தோடு ஒட்டுகிற மாஸ்க்குக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 115 லிட்டர், தளர்வான ஹூடுக்கு 170 லிட்டர் வேண்டும். ஓஸை 300 அடிக்கு மேல் நீட்டாதீர்கள்.

தாடி

ஒட்டுகிற மாஸ்க் என்றால் எடுத்துவிடுங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுவது

கம்ப்ரஸர் காற்று ஓடிய லைனில் எண்ணெய் இருக்கும். ஆக்சிஜன் பட்டால் பற்றிக்கொள்ளும். வேண்டாம்.

பிளாஸ்டிங் நின்றதும் ஹூடைக் கழற்றுவது

கண்ணுக்குத் தெரிகிற தூசி அடங்கிவிடும். நுரையீரலைக் கெடுக்கிற நுண்தூசி கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டேதான் இருக்கும். வெளியே வந்து கழற்றுங்கள்.

வெளியே நிற்கிற ஆளை டீ வாங்க அனுப்புவது

2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே இது இருந்தது: சுவாசக் கருவியோடு உள்ளே போகிறவன் பெல்ட் கட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவன் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது, ஏணியில் கட்டிவிட்டுப் போகலாம் என்று இல்லை. ஆனால் நம் சைட்டில் ஹோல் வாட்ச், அதாவது வெளியே நின்று கவனிக்கிற அந்த ஆள், என்றால் சும்மா நிற்கிறவன் என்று நினைப்பு. ஓஸை இழுத்துவிடு, டீ வாங்கி வா, ஸ்டோரில் போய் நாசில் எடுத்து வா என்று எல்லா வேலையும் அவன் தலையில்.

இன்னொன்று, உள்ளே விழுந்தவனைப் பார்த்ததும் இவன் மாஸ்க் இல்லாமல் குதிப்பது. பாசம்தான், புரிகிறது. ஆனால் அண்ணன் தம்பி இரண்டு பேருடைய உடலையும் தூக்க வேண்டியதாகிவிடும். விஷவாயு இருக்கிற இடமானால் உள்ளே போகிறவன் இடுப்பிலேயே தப்பிக்கும் பாட்டில் இருக்க வேண்டும். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ வரும். ஓஸ் அறுந்தால் வெளியே ஓடிவரத்தான் அது. "பத்து நிமிஷ வேலைதானே" என்று அதை மட்டும் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்களை மேன்ஹோலிலேயே தடுத்து நிறுத்துங்கள்.

ஓஸைச் சுருட்டும்போது

இரண்டு முனையையும் மூடி வையுங்கள், மறுநாள் மாஸ்க்கில் மாட்டும் முன் காற்றைத் திறந்து ஊதிவிடுங்கள். ஒருமுறை ஊதாமல் மாட்டினேன். கொருக்குப்பேட்டை குடோனில் இரண்டு மாதம் கிடந்த ஓஸ். உள்ளே போய் வால்வைத் திறந்ததும் கரப்பான் பூச்சி ஒன்று என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அன்றைக்கு நான் மேன்ஹோலிலிருந்து வெளியே வந்த வேகத்தை எங்கள் ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.