பாசி மூடிய ஏரிக்கு வெளிநாட்டுத் துணை: முதலில் பாஸ்பரஸ் கணக்கு

பெங்களூரின் அல்சூர் ஏரி பச்சை பிடித்தவுடன் குடியிருப்போர் சங்கங்களில் எழும் முதல் பேச்சு, வெளிநாட்டிலிருந்து இயந்திரமோ மருந்தோ வரவழைக்கலாமா என்பதுதான். வெளிநாட்டவரிடம் வாங்க வேண்டியது எண்ணும் முறை. போடன் ஏரிக்காக ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து 1959-இல் கூட்டு ஆணையம் அமைத்தன. ஈரி ஏரிக்காக அமெரிக்காவும் கனடாவும் 1972-இல் ஒப்பந்தம் போட்டன. இரண்டு இடத்திலும் பிடித்த பிடி ஒன்றுதான்: பாசிக்குத் தீனியாகி ஏரிக்குள் வரும் பாஸ்பரஸைக் குறைப்பது.

ராஜகால்வாய் (நகரின் பெரிய மழைநீர் வடிகால்) ஏரியில் விழும் ஒவ்வொரு வாயிலும் தொடங்குங்கள். நேரான 10 மீட்டர் நீளத்தில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 1 மீட்டர் அகலம், 10 செ.மீ. ஆழம், பழம் கடக்க 40 விநாடி என்றால், அடிநீர் மெதுவாக ஓடுவதால் மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கியபின் நாளொன்றுக்குச் சுமார் 18 லட்சம் லிட்டர் வருகிறது. அந்த நீரில் மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 6 மி.கி. இருந்தால், நாளுக்கு 11 கிலோ. 1 கிலோ பாஸ்பரஸ் ஏறத்தாழ 100 கிலோ உலர்பாசிக்குத் தீனி. முழங்கால்கூட நனையாத அந்த ஓடை ஒரு டன் பாசியை ஊட்டுகிறது!

காலை ஒருமுறை மட்டும் மாதிரி எடுத்தால் கணக்கு ஏமாற்றும். குளியலும் துவைப்பும் நடக்கும் நேரம் அது. மூன்று மணிக்கொரு முறை, 24 மணி நேரம் எடுங்கள். மழை நாளைத் தனியாக எழுதுங்கள். பாட்டிலை சோப்பால் கழுவக் கூடாது, சோப்பிலேயே பாஸ்பேட் இருக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசுங்கள். மாதிரியில் கந்தக அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

வெளிநாட்டுக் குழுவோடு ஒப்பிடும்போது அடிக்கடி சறுக்கும் இடம் அலகு. சில ஆய்வகங்கள் பாஸ்பேட் என்று எழுதும், சில பாஸ்பரஸ் என்று. 1 மி.கி. பாஸ்பரஸ் 3.07 மி.கி. பாஸ்பேட்டுக்குச் சமம். இதைக் கேட்காமல் விட்டால் நம் ஏரி மூன்று மடங்கு மோசமாகவோ நலமாகவோ தெரியும்.

இந்த எண்கள் கைக்கு வந்தபின் வெளிநாட்டுக் குழுக்களுக்கு எழுதுங்கள். ஜப்பானின் ஷிகா மாநிலத்தில் 1986 முதல் இயங்கும் பன்னாட்டு ஏரிச் சூழல் குழு நல்ல தொடக்கம். பீவா ஏரியில் 1977-இல் செம்பாசி பெருகியபோது இல்லத்தரசிகள் பாஸ்பேட் சோப்புத்தூளைக் கைவிட்ட ஊர் அது.

பணத்தில் கவனம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் ஒரு ரூபாயும் வாங்க முடியாது. பெற்றவர் அதை இன்னொரு சங்கத்துக்கு மாற்றித்தரவும் 2020 திருத்தம் தடை போடுகிறது. பாசி மாதிரியை வெளிநாட்டு ஆய்வுக்கு அனுப்பச் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 100 மி.லி.க்கு பாசியைக் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசல் 1 மி.லி. சேர்த்து, இங்கேயே நுண்ணோக்கியில் படமெடுத்து அனுப்புவது எளிது.

காப்பர் சல்பேட் கொட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நீலப்பச்சைப் பாசியின் செல் உடைந்து நஞ்சு நீரில் கலக்கும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் குடிநீர் அணையில் அப்படிக் கொட்டியபின் 140 பேருக்கு மேல் நோயுற்றார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். பாஸ்பரஸைச் சேற்றோடு பிடித்துவைக்கும், லாந்தனம் என்ற உலோகம் கலந்த களிமண் பயனுள்ளதுதான், ஆனால் கழிவுநீர் நிற்காதவரை வீண்செலவு. வரத்தைச் சுத்திகரித்து, ஈரநிலம் வழியே விடும், பெங்களூரிலேயே உள்ள ஜக்கூர் ஏரியை நேரில் பாருங்கள்.

விடியற்காலை கரைந்த ஆக்சிஜனையும் அளந்து வாருங்கள். இரவெல்லாம் பாசி அதை உறிஞ்சியிருக்கும். லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே போனால் மீன் மிதக்கும். 2016 மார்ச்சில் அல்சூர் அதைப் பார்த்தது.

நம் ஏரியின் உபரிநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணை வழியே ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. மாதாமாதம் பதிவேட்டின் பிரதியை அங்குள்ள விவசாயிகளுக்கு அனுப்புங்கள். அணையில் நுரை எழும் தேதிகளைக் கேட்டு வாங்கி, அதே தாளில் எழுதி வையுங்கள்.