பழைய ஹிப் ஹாப் ஆல்பங்களுக்கு மார்க் போடும்போது சறுக்கும் இடங்கள்

எண்பதுகள், தொண்ணூறுகளில் வந்த ஹிப் ஹாப் ஆல்பங்களைத் திரும்பக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது சுவாரசியமான வேலை. ஆனால் அந்த ஒரே மார்க்குக்குள் இரண்டு கேள்விகள் புகுந்துகொள்கின்றன. வந்த காலத்தில் இந்த ஆல்பம் என்ன செய்தது? இன்றைக்கு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து கேட்க முடிகிறதா? ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்கு எழுதிவிடுவதில்தான் பாதிக் குளறுபடி தொடங்குகிறது.

டிஜே எரிக் பி - ராப்பர் ராக்கிம் ஜோடியின் 'பெய்ட் இன் ஃபுல்' இதற்கு நல்ல உதாரணம். 1987இல் வந்தது. இன்று முதல்முறை கேட்கிறவர், "சரி, நன்றாகத்தான் இருக்கிறது, இதில் என்ன பெரிய அதிசயம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிதானமான குரல், வரியின் கடைசியில் மட்டும் இயைபு வைக்காமல் நடுவிலும் அடுக்கிக்கொண்டே போவது, ஒரு வாக்கியத்தைத் தாளக்கட்டின் முடிவில் நிறுத்தாமல் அடுத்ததற்குள் இழுத்துச் செல்வது: இதையெல்லாம் நூறு பேரிடம் கேட்டாயிற்று. அந்த நூறு பேரும் ராக்கிமைக் கேட்டு வளர்ந்தவர்கள், அல்லது அவரைக் கேட்டு வளர்ந்தவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் அவரிடமே அது பழகிப்போனதாகத் தெரிகிறது. இதற்கு மருந்து சுலபம். முந்தைய வருடம் வந்த ரன்-டிஎம்சியின் 'ரைசிங் ஹெல்' ஆல்பத்தை முதலில் கேளுங்கள். ராப்பர்கள் இருவரும் மாறி மாறி உரக்கக் கத்தி, வரிக்கு வரி ஆணி அடித்த மாதிரி முடிக்கும் பாணி அது. அருமையான ஆல்பம்தான். அதிலிருந்து நேராக ராக்கிமுக்கு வந்தால், ஒரே வருடத்தில் என்ன நடந்தது என்று காதே சொல்லிவிடும்.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டு, "வரலாற்றுச் சாதனை, பத்துக்குப் பத்து" என்று போடுவதும் தவறுதான். அந்த ஆல்பத்தில் இருப்பதே பத்து தடங்கள். அவற்றில் மூன்றில் ராக்கிம் ராப் செய்யவில்லை. டிஜேயின் கைவரிசையும் வெறும் தாளமும்தான். 'மை மெலடி'யும் 'எரிக் பி இஸ் பிரெசிடென்ட்'டும் 1986இலேயே சிங்கிளாக வந்துவிட்டவை. ஆக, ராப்பின் இலக்கணத்தை மாற்றிய குரல் ஒன்று, ஆல்பமாக நிரம்பாத ஒரு தொகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. என் கணக்கில் எட்டு. இதற்காகச் சண்டைக்கு வருபவர்கள் அந்த மூன்று தடங்களையும் கடைசியாக எப்போது முழுதாகக் கேட்டார்கள் என்று யோசித்துவிட்டு வரலாம்.

அடுத்தது ஒலி. "சத்தம் கரகரவென்று இருக்கிறது, சரியாகப் பதிவு செய்யவில்லை" என்று மார்க்கைக் குறைப்பவர்கள் நிறைய. அந்தக் கரகரப்பு பெரும்பாலும் கருவியிலிருந்து வருவது. 1987இல் வந்த இ-மு எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் (பழைய பாட்டுகளின் துணுக்குகளைப் பதிந்து மீண்டும் வாசிக்கும் கருவி) 12 பிட் என்ற குறைந்த தரத்தில் இயங்கியது. மொத்தமாக அதில் பதிய முடிந்தது சுமார் பத்து விநாடி ஒலிதான். ஒரு பாட்டின் டிரம், பேஸ், பியானோ, ஹார்ன் துணுக்குகள் எல்லாவற்றையும் அந்தப் பத்து விநாடிக்குள் அடக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து இடத்தை மிச்சப்படுத்துவார்கள். பிறகு இயந்திரத்துக்குள் அதைப் பழைய சுருதிக்கு இறக்குவார்கள். அப்படி இறக்கும்போது ஒலியில் ஏறும் மண்வாசனைதான் பீட் ராக் போன்றவர்களின் அடையாளமானது. அதைக் குறை என்று எழுதினால் ஆல்பத்தின் பாதியை விட்டுவிட்டீர்கள்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி, "அடுத்தவர் பாட்டை எடுத்து ஒட்டியதுதானே" என்ற ஏளனம். மாப் டீப்பின் 'தி இன்ஃபேமஸ்' ஆல்பத்தில் இருக்கும் 'ஷுக் ஒன்ஸ் பார்ட் 2' வந்தது 1995இல். அதன் அடியில் ஓடும் அந்த அச்சமூட்டும் மெட்டு எங்கிருந்து வந்தது என்று சாம்பிள் (எடுத்தாண்ட துணுக்கு) வேட்டைக்காரர்கள் 2011வரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது ஹெர்பி ஹான்காக்கின் 'ஜெசிகா' என்ற மென்மையான ஜாஸ் துண்டின் பியானோ என்று தெரிந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மாப் டீப்பின் ஹேவக் அதை எவ்வளவு உருமாற்றியிருக்கிறார் என்பது புரியும்.

சாம்பிள் விவகாரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பப்ளிக் எனிமியின் 1988 ஆல்பத்தையும் தொண்ணூறுகளின் நடுவில் வந்தவற்றையும் ஒப்பிட்டு, "பின்னால் வந்தவர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது, அடுக்கடுக்காக ஒலியே இல்லை" என்று எழுதுவார்கள். நடுவில் ஒரு நீதிமன்றம் வந்தது. கில்பர்ட் ஓசல்லிவனின் பாட்டை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக 1991 டிசம்பரில் தீர்ப்பு. 'திருடாதே' என்ற வேதாகமக் கட்டளையோடுதான் அந்தத் தீர்ப்பே தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் அனுமதியும் பணமும் தேவைப்பட்டது. ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து துணுக்குகளை அடுக்குவது கட்டுப்படியாகவில்லை.

எந்தப் பதிப்பைக் கேட்கிறோம் என்று பார்க்காமல் மார்க் போடுவது இதிலிருந்து பிறக்கும் தவறு. நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ரெடி டு டை' 1994இல் வந்தது. தலைப்புப் பாட்டில் ஓஹையோ பிளேயர்ஸின் இசையை அனுமதியில்லாமல் எடுத்ததாக 2006இல் தீர்ப்பானது. பிறகு வந்த பதிப்புகளில் அந்த இசைத் துணுக்கு இல்லை. டி லா சோலின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' 1989இல் வெளியானது. சாம்பிள் உரிமைச் சிக்கலால் 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கே வந்தது. நடுவில் ஒரு தலைமுறை அந்த ஆல்பத்தைப் பேர் மட்டும் கேட்டு வளர்ந்தது. அதில் பாட்டுகளுக்கு நடுவே வரும் வினாடி வினா நாடகம் முதல் தடவை சிரிப்பு, நாலாவது தடவை கொஞ்சம் இழுவை. அதைத் தாண்டிப் போய்க் கேட்டீர்கள் என்றால் அதையும் விமர்சனத்தில் சொல்லிவிடுங்கள்.

தாண்டிப் போவது, கலைத்துப் போட்டுக் கேட்பது இரண்டும் நாஸின் 'இல்மாட்டிக்' மாதிரியான ஆல்பத்தைக் கெடுத்துவிடும். 1994, பத்து தடங்கள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேசட்டின் இரு பக்கங்களுக்கும் '40த் சைட் நார்த்', '41ஸ்ட் சைட் சவுத்' என்று அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் இரு ஓரங்களை நினைவூட்டும் பெயர்கள். இருபது வயதுப் பையன் தன் பேட்டையை நடந்து காட்டுவதுபோல அந்த வரிசை. முதல் பக்கத்தின் நடுவில், ராப்பர் ஏஇசட்டுடன் சேர்ந்து பாடிய பாட்டு முடியும்போது ஒரு கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) ஊதுகிறதே, அதை வாசிப்பது நாஸின் அப்பா ஓலு டாரா. ஷஃபிளில் இதெல்லாம் சிதறிப்போகும். 'ஒன் லவ்' சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள். வரிகளைப் படிக்காமல் தாளத்துக்குத் தலையாட்டிவிட்டு மார்க் போட்டால் அது தாளத்துக்கு மட்டும் போட்ட மார்க்.

அப்புறம், எல்லாவற்றையும் நியூயார்க் அளவுகோலால் அளப்பது. 1995இல் நியூயார்க்கில் நடந்த 'தி சோர்ஸ்' என்ற ஹிப் ஹாப் இதழின் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் ஜோடி மேடையேறியபோது கூட்டம் எதிர்த்துக் கூச்சலிட்டது. அமெரிக்காவின் தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று ஜோடியில் ஒருவரான ஆண்ட்ரே பதில் சொல்லிவிட்டு இறங்கினார். அந்தக் கூச்சல் இன்னும் பல தரவரிசைகளில் கேட்கிறது. டெக்சஸின் யுஜிகே 1996இல் தந்த 'ரைடின் டர்ட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இழைந்து போகும் வேகம், கனத்த பேஸ், காரில் போகும்போது கேட்பதற்கென்றே அமைந்த ஒலி. அதை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு, ராக்கிம் மாதிரி வார்த்தை விளையாட்டு இல்லையே என்பது அநியாயம்.

பெண்களைப் பற்றிய வரிகள் பலவும் இன்று முகம் சுளிக்கவைக்கின்றன. அன்றும் சுளித்தவர்கள் இருந்தார்கள். "அந்தக் காலம் அப்படி" என்று மூடிவிடவும் வேண்டாம், அதற்காக மட்டும் பூஜ்யம் போடவும் வேண்டாம். சுளித்த இடத்தைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கடைசியாக, பழைய பத்திரிகை மார்க்கை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. 'தி சோர்ஸ்' இதழில் ஐந்து மைக் (முழு மார்க்) வாங்குவது அன்று பெரிய கௌரவம். 'இல்மாட்டிக்' வந்த உடனே வாங்கியது. ஜே-ஸீயின் 'ரீசனபிள் டவுட்' 1996இல் நான்குதான் வாங்கியது. பிற்பாடு அதே பத்திரிகை அதை ஐந்தாக்கியது. நாஸின் இரண்டாவது ஆல்பமான 'இட் வாஸ் ரிட்டன்' பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தும், முதல் ஆல்பம் மாதிரி இல்லை என்று விமர்சகர்களிடம் அடி வாங்கியது. முதல் ஆல்பத்தை மறந்துவிட்டுக் கேட்டால் அது எட்டரைக்குக் குறையாது. எனவே நீங்கள் போடும் மார்க்குக்குப் பக்கத்தில் தேதியையும், எந்தப் பதிப்பு, எதில் கேட்டது என்பதையும் குறித்துவையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் திருத்தும்போது, மாறியது காதா ஸ்பீக்கரா என்று தெரிய வேண்டுமே.