நிலக்கரிச் சுரங்கத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த மாணவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "ஹெல்மெட் போட்டோம், ரொம்ப இருட்டு" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பயணத்தைத் திட்டமிட்டவர்கள் நாம்தான்.

முதல் தவறு, ஆசிரியர் முன்னதாக ஒருமுறை போய்ப் பார்க்காதது. பிரிட்டனின் வேல்ஸில் உள்ள பிக் பிட், 1980-இல் மூடப்பட்டு 1983-இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்ட சுரங்கம். கூண்டில் ஏறிச் சுமார் 90 மீட்டர் கீழே இறங்க வேண்டும். அதற்கு முன் கைப்பேசி, பேட்டரி கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். காரணம், கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு. காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் சின்னப் பொறி போதும், வெடித்துவிடும். "கீழே போய்ப் படம் எடுத்து வாருங்கள்" என்று வேலை கொடுத்திருந்த ஆசிரியர் அங்கே திருதிருவென விழிக்க வேண்டியதுதான். விஷயம் தெரிந்தவருக்கோ, கைப்பேசியைக் கொடுக்கும் அந்த இடத்திலேயே பாடம் தொடங்கிவிடும்.

கீழே போன பிறகு நாமே பேசிக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. பிக் பிட்டில் சுற்றிக் காட்டுபவர்கள் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள். "கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டை எலியிடமிருந்து எப்படிக் காப்பாற்றினீர்கள், விளக்கு அணைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்; அப்புறம் பேச்சு நிற்காது. கேள்விகளை வகுப்பிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது.

வரலாற்றை வெறும் ஆண்டுக் கணக்காகச் சொல்வதையும் தவிருங்கள். பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்று பிரிட்டனில் 1842-இல்தான் சட்டம் வந்தது. அதற்கு முன் சின்னப் பிள்ளைகள் காற்றோட்டத்துக்கான கதவைத் திறந்து மூடுவதற்காக மணிக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இதை விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆபத்து நிலத்தடியில் மட்டும்தான் என்ற எண்ணமும் சரியில்லை. 1966-இல் வேல்ஸின் அபெர்வான் என்ற ஊரில் மலைமேல் குவித்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். சிறிய வகுப்பென்றால், சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, பயணத்தைச் சுரங்க வாசலோடு முடித்துக்கொள்வது. தோண்டிய கரி என்ன ஆனது? நல்ல கரி ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 6.7 யூனிட், அதாவது 6.7 கிலோவாட்-மணி வெப்பம் கிடைக்கும். அனல்மின் நிலையத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாகும். அதாவது இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். 10 வாட் எல்இடி பல்பு 200 மணி நேரத்துக்கு மேல் எரியும். மீதி வெப்பம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீரோடும் போய்விடும். கிலோவாட் வேறு, கிலோவாட்-மணி வேறு என்பதும் இந்தக் கணக்கைப் போடும்போது தானாகத் தெளியும்.

அதே ஒரு கிலோ கரி இரண்டு கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடும் என்று சொன்னால், "ஒரு கிலோவிலிருந்து எப்படி இரண்டு கிலோ வரும்?" என்று யாராவது மடக்குவார்கள். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்து சேர்ந்தது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கரி தீர்ந்துபோனதால்தான் சுரங்கத்தை மூடினார்கள் என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவு செய்துவிடுவார்கள். ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் (பழுப்பு நிலக்கரி வேறு வகை) 2018-இல் மூடப்பட்டபோது கீழே இன்னும் கரி இருந்தது. இறக்குமதிக் கரி அதைவிட மலிவு, அதுதான் காரணம்.