சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

சென்ற ஆண்டு சித்தி மகன் பாபநாசத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைத் திறந்தான். உள்ளே ஏழு கணினித் தேர்வுச் சான்றிதழ்கள். “இன்னும் ஒன்று எழுதினால் வேலை கிடைத்துவிடுமா அக்கா?” என்றான். நான் பதிமூன்று ஆண்டுகளாக மென்பொருள் எழுதுகிறேன், ஆள் எடுக்கும்போது நேர்முகத்திலும் உட்காருகிறேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையில் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நிரல் எழுதும் வேலைகளில் பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி), நெட்வொர்க், இணையப் பாதுகாப்பு என்றால் கணக்கு வேறு. பிற நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சேவை நிறுவனங்களில் இன்னும் வேறு. அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸின் பங்குதாரர் திட்டத்தில் மேல் படிக்கு ஏற, நிறுவனத்தில் இத்தனை பேர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அங்கே உங்கள் சான்றிதழ் உங்களைவிட முதலாளிக்குத்தான் அவசரம். சொந்தத் தயாரிப்பை விற்கும் நிறுவனங்கள் அதைப் புரட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

அடுத்து, தேர்வு எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வுக்கு 100 டாலர், 90 நிமிடம், 65 கேள்விகள். விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். பல கணினிகளில் செயலிகளை ஓட்டிப் பராமரிக்கும் குபர்னெட்டிஸ் மென்பொருளின் நிர்வாகிகளுக்கான சிகேஏ தேர்வு அப்படியல்ல. இரண்டு மணி நேரம் கட்டளைகளை அடித்து, வேலையைச் செய்து காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுதான் செல்லும், கட்டணமும் பல மடங்கு. ஆனால் விண்ணப்பத்தில் அதைப் பார்த்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். கையில் காசில்லையா? ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். மையத்தில் எழுத வழியிருக்கும் தேர்வானால் பஸ் ஏறிப் போய் எழுதுங்கள். வீட்டிலிருந்து எழுத உட்கார்ந்த எனக்கு முப்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போயிற்று.

இனி அந்த ஏழு சான்றிதழ்களின் கதை. அவற்றில் ஒன்று ஜாவா என்ற நிரல் மொழிக்கானது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் கழன்றுவிடும் என்ற கேள்விக்குச் சரியாகக் குறித்துத் தேறியிருந்தான். கோப்பை மூடச் சொல்லிவிட்டு, சித்தப்பாவின் குறுவை நெல் கணக்குக்கு ஒரு செயலி எழுதச் சொன்னேன். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகத்தான் எடை போடுவார்கள், விலையோ குவிண்டாலுக்கு. 37 சிப்பம் என்று அடித்ததும் அவன் செயலி 14 குவிண்டால் என்றது. சித்தப்பா கணினியைத் தொட்டதுகூட இல்லை. விரல் விட்டு எண்ணிவிட்டு, “மீதி 80 கிலோ எங்கேடா?” என்றார். 1,480 கிலோவை 100-ஆல் வகுத்ததில் தசமம் கழன்றிருந்தது. தேர்வில் சரியாகக் குறித்த அதே விஷயத்தில் பிழை!

அதைத் திருத்தியதையும் ஏன் நேர்ந்தது என்பதையும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் குறிப்போடு ஏற்றினான். விண்ணப்பத்தில் அந்தச் செயலி மேலே ஏறியது. சான்றிதழ்களில் வேலைக்குப் பொருந்தாத நான்கை அடித்தே விட்டோம், மீதி மூன்றும் கடைசியில் ஒரே வரியாகச் சுருங்கின. நீங்களும் அப்படியே வையுங்கள், சரிபார்க்கும் இணைப்பையும் சேர்த்து. விண்ணப்பங்களை முதல் சுற்றில் வடிகட்டும்போது பெயர் விழாமல் இருக்க அந்த வரி உதவும். அதற்குப் பிறகு பேச்சு வேறு. அவனுடைய நேர்முகத்தில் பாதி நேரம் அந்த 80 கிலோவைப் பற்றியே போயிற்றாம்.

இப்போது தஞ்சாவூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் அலுவலகமே ஒரு கிளவுட் தேர்வு எழுதச் சொல்லியிருக்கிறது, கட்டணம் அவர்களுடையது.