வீடியோ காலில் செபமாலை: இரைச்சலைச் சரிசெய்த விதம்

2020 மார்ச்சில் இத்தாலி முழுக்க ஊரடங்கு. மிலானில் தங்கச்சி குடும்பம் வீட்டுக்குள். மதுரையில் எங்களுக்கும் மரியன்னை பேராலயம் போக வழியில்லை. வீடியோ காலில் செபமாலை சொன்னால் ஒரே இரைச்சல். சத்தம் தாமதமாகப் போய்ச் சேர்வதால் நாங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கும்போது அவர்கள் முந்தின ‘ஆமென்’னில் இருப்பார்கள்.

சேர்ந்து சொல்வதையே விட்டோம். செபமாலையின் ஐந்து பகுதிகளான ஐந்து மறையுண்மைகளையும் வீடுகளுக்குள் பிரித்துக்கொண்டோம். ஒரு வீடு சொல்லும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வாய்க்குள் சொல்வது. அம்மாச்சிக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் மைக்கை யார் அணைப்பது?

மார்ச் 29இல் இத்தாலியில் கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் நான்கரை மணி நேர வித்தியாசம் மூன்றரையானது. மதுரை நேரம் இரவு 8.30 என்றே நிலையாக வைத்தோம். அவர்களுக்கு அப்போது மாலை 5. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் முடிந்திருக்கும்.