தட்டில் பூஜ்யம் வந்தால் உடனே நம்பாதீர்கள்: பாசிட்டிவ் கண்ட்ரோலை எங்கே வைப்பது?

பினாங்கு பிறையில் ஒரு சின்னத் தொழிற்சாலை செய்யும் செராய் (எலுமிச்சைப்புல்) வாசனைக் கைகழுவும் சோப்பு, எத்தனை கிருமி இருக்கிறது என்று பார்க்க மாதாமாதம் எங்கள் லேபுக்கு வரும். மூன்று மாதம் நானே எண்ணி, 'காலனி (தட்டில் முளைக்கும் கிருமிக் கூட்டம்) இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நெகட்டிவ் கண்ட்ரோல், அதாவது கிருமி விடாத தட்டு, சுத்தம்; பாசிட்டிவ் கண்ட்ரோலில், அதாவது நாமே கிருமி விட்ட தட்டில், ஈ.கோலை பாக்டீரியா ஜோராக முளைத்திருந்தது, வேறென்ன வேண்டும்? மூத்த அக்கா ஒருவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, கிருமியே இல்லையா, இல்ல இருந்தது செத்துப்போச்சா?" என்றார். திருதிருவென்று முழித்தேன். என் பாசிட்டிவ் கண்ட்ரோல் தட்டில் சோப்பே கிடையாது! மீடியா (கிருமி வளர ஊற்றும் சத்துப்பொருள்) நல்ல மீடியா என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

மீடியா காய்ச்சுவது, ஆட்டோகிளேவ் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் 10 கிராம் சோப்பை, பாலிசார்பேட் 80-உம் லெசித்தினும் கலந்த 90 மி.லி. கரைசலில் போட்டுக் கலக்குங்கள். சோப்பு கெடாமலிருக்கச் சேர்க்கும், கிருமியைக் கொல்லும் பதப்படுத்தியின் வேலையை முறிக்கத்தான் அந்த இரண்டும்; இதுதான் முறிப்புக் கரைசல்.

அப்புறம் கிருமி. ஈ.கோலை என்றால் ஏடிசிசி 8739 (ஏடிசிசி என்பது அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகம், எண் அதன் வரிசை எண்). மூல வித்திலிருந்து 5 தடவைக்கு மேல் மாற்றி வளர்த்ததை எடுக்காதீர்கள். தட்டில் ஊற்றும் 1 மி.லி.யில் 100 கிருமிக்கு மேல் இருக்கக்கூடாது. நான் ஆரம்பத்தில் தாராளமாக லட்சக்கணக்கில் விட்டேன். அதில் பத்தில் ஒன்பது செத்தாலும் தட்டு நிறைந்துதான் தெரியும், குறை வெளியே வராது. எண்ணிக்கை குறித்து விற்கும் உலர் உருண்டைகள் விலை கூட, ஆனால் புதிதாக வருபவர்கள் அதையே வாங்குங்கள் என்பேன், நேரம் மிச்சம்.

இப்போது நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 9.9 மி.லி.: சோப்பும் முறிப்புக் கரைசலும், சோப்பும் வெறும் உப்புநீரும், முறிப்புக் கரைசல் மட்டும், உப்புநீர் மட்டும். நான்கிலும் 0.1 மி.லி. கிருமிக் கரைசல் விட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் 1 மி.லி. தட்டில் ஊற்றுங்கள். கிருமியே விடாத சோப்புத் தட்டு ஒன்றும் வெறும் மீடியாத் தட்டு ஒன்றும் கூடவே வையுங்கள். மேலே ஊற்றும் அகார் (ஆறினால் உறையும் மீடியா) 45 டிகிரிக்கு மேல் இருந்தால் கிருமியை நீங்களே அவித்துவிடுவீர்கள்.

எனக்கு உப்புநீரில் 64 காலனி. முறிப்புக் கரைசல் மட்டும் இருந்ததில் 60, அதாவது அது கிருமிக்கு விஷமில்லை. சோப்பும் உப்புநீரும் இருந்ததில் பூஜ்யம். அந்த மூன்று மாதக் கையெழுத்து வயிற்றைக் கலக்கியது. சோப்பும் முறிப்புக் கரைசலும் சேர்ந்ததில் வெறும் 9. உப்புநீர்க் கணக்கில் பாதியாவது திரும்பி வர வேண்டும், இரட்டிப்பைத் தாண்டக்கூடாது. அமெரிக்க மருந்துத் தரநூலான யுஎஸ்பியின் 61-ஆம் அத்தியாயத்தின் அளவுகோலும் இதுதான். பத்து மடங்குக்குப் பதிலாகச் சோப்பை நூறு மடங்காக நீர்க்க வைத்தபோது 51 வந்தது, தேறிவிட்டது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நூறு மடங்கில் ஒரு காலனி என்றால் கிராமுக்கு 100. ஆகவே காலனியே இல்லாவிட்டாலும் '10-க்குக் குறைவு' என்று இனி எழுத முடியாது, '100-க்குக் குறைவு'தான். பெரியவர்களுக்கான சோப்புக்கு ஐஎஸ்ஓ 17516 (அழகுசாதனப் பொருள்களில் கிருமி வரம்பு பற்றிய சர்வதேசத் தரம்) வரம்பு கிராமுக்கு 1000 என்பதால் தப்பித்தேன். வாசனையையோ பதப்படுத்தியையோ தொழிற்சாலை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

பின்சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை, கேண்டிடா என்ற பூஞ்சையின் தட்டில் மட்டும் வாரத்துக்கு ஒரு கணக்கு வருகிறதே என்று கேட்டிருந்தார். பூஞ்சைத் தட்டுக்கு 20 முதல் 25 டிகிரி என்று படித்துவிட்டு, அதை ஏர்கோன் அறையில் மேசைமேல் வைத்திருக்கிறார். மாலையில் எல்லாரும் போனதும் ஏர்கோனை யாரோ அடைத்துவிடுகிறார்கள். பினாங்கில் அப்புறம் என்ன ஆகும்? குளிரூட்டும் இன்குபேட்டர் இல்லாமல் நம் ஊரில் அந்தச் சோதனையைத் தொடவே வேண்டாம், தங்கச்சி.