பனிச் சாலையில் ஆல் வீல் டிரைவ்: சமவெளிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடவுக்குச் சேறு அடித்து முடித்துக் கரையேறும் ஃபோர் வீல் டிராக்டரின் ஓட்டுநர், தார்ச்சாலையில் சக்கரம் பட்டதும் முன்னச்சை இணைத்திருக்கும் நெம்புகோலை விடுவித்துவிடுகிறார். நீடாமங்கலத்திலோ ஒரத்தநாட்டிலோ இதற்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. விடுவிக்க மறந்தால் முன் டயர்கள் வீணாகத் தேயும், வளைவில் ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும் என்பதைக் கைகளே அறிந்து வைத்திருக்கின்றன. ஆனால் அதே வீட்டார் ஃபோர் பை ஃபோர் கார் ஒன்றை வாங்கி மணாலிக்குக் கிளம்பும்போதும், டொரான்டோவில் குடியேறிய பிள்ளைகள் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும்போதும், 'நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, பனி என்ன செய்துவிடும்' என்ற நம்பிக்கை ஒன்றே துணையாகப் போகிறது. காவிரி டெல்டாவில் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல்போரின் மேல் படிந்திருக்கும் ஈரந்தான். சாலையையே மூடிக் கிடக்கும் வெண்பனியில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அந்த நம்பிக்கையிலிருந்து கிளைப்பவை.

முதலில் நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உயிர் போவது அங்கேதான். ஆல் வீல் டிரைவ் என்பது எஞ்சினின் இழுவிசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு. புறப்படுவதற்கும் மேடேறுவதற்கும் அது பெரிய உதவி. பிரேக்கோ, சாதாரண இரு சக்கர இழுவை காரிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே நிறுத்தும்போது விலை உயர்ந்த வண்டிக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகத்தை, அதாவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானத்தின் அளவை, 0.7 என்று கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 9 மீட்டரில் நின்றுவிடும். அழுந்திய பனியில் அது 0.2 அளவுக்கு இறங்கினால் 32 மீட்டர் வேண்டும், பனிக்கட்டியில் 0.1 ஆனால் 63 மீட்டர் வேண்டும். வேகத்தைப் பாதியாக்கி 20 கிலோமீட்டரில் வந்திருந்தால் அதே பனிக்கட்டியில் 16 மீட்டர் போதும். இந்தக் கணக்கில் எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன என்ற எண்ணுக்கு இடமே இல்லை.

ஆபத்து என்னவென்றால், சாலை வழுக்குகிறது என்ற செய்தியை இந்த ஏற்பாடு ஓட்டுநரிடமிருந்து மறைத்துவிடுகிறது. இரு சக்கர இழுவை வண்டி புறப்படும்போதே சக்கரம் சுழன்று திணறி எச்சரித்துவிடும். நான்கு சக்கர இழுவை வண்டி சத்தமில்லாமல் கிளம்பி எளிதாக 50, 60 என்று வேகமெடுக்கும். முதல் பிரேக்கில்தான் உண்மை தெரியவரும். கார்த்திகை மாதத்து மழையில் வெண்ணாற்றங்கரையில் என் உறவினர் ஒருவரின் வண்டி, நான்கு சக்கரங்களும் இணைந்திருந்த நிலையிலேயே, ஈர வண்டலின் மேல் பக்கவாட்டில் வழுக்கி வாய்க்காலுக்குள் இறங்கியது. சேற்றில் அந்த வண்டி ஏறாத இடமில்லை என்பது அவருடைய பெருமையாக இருந்தது. சம்பா அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட நெல்லின் மேல் போகும்போது நாம் பிரேக்கைத் தொடுவதில்லை. முன்கூட்டியே வேகத்தைத் தணித்து, கைகளை அசைக்காமல் உருட்டிக்கொண்டு போகிறோம். பனியில் தேவைப்படுவது அதே பக்குவம், ஆனால் சில அடிகளுக்கு அன்று, பல கிலோமீட்டர்களுக்கு.

திருப்பத்திலும் இதே நிலைதான். ஒரு டயருக்குக் கிடைக்கும் பிடிமானம், முறைவைத்து விடப்படும் வாய்க்கால் தண்ணீரைப் போல அளவுள்ளது. பிரேக்கோ ஆக்ஸிலரேட்டரோ முழுவதையும் வாங்கிக்கொண்டால் ஸ்டியரிங்கின் பங்கு கடைமடை வயலின் கதியாகிவிடும்: சக்கரத்தைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் திரும்புவதுதான் சரி. அவசரத்தில் பிரேக் பிடிக்க நேர்ந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் மிதியை விட்டு விட்டு அழுத்தக்கூடாது. காலடியில் அது அதிர்வது கோளாறு அன்று, தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

அடுத்த தவறு, எல்லா வண்டிகளின் நான்கு சக்கர இழுவையும் ஒரே மாதிரி இயங்கும் என்று நினைப்பது. மஹிந்திரா தார், ஜிம்னி, ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் போன்ற வண்டிகளில் இருப்பது பகுதிநேர இழுவை. 2எச் நிலையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்; 4எச் நிலைக்கு மாற்றினால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு இறுகப் பிணைக்கப்படும். நமது டிராக்டருக்கு இது நெருங்கிய உறவு. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் கடக்கவேண்டியிருப்பதால், பிணைக்கப்பட்ட அச்சுகளுக்குள் இழுபறி ஏற்படும். முழுக்கப் பனி மூடிய சாலையில் டயர் சற்று வழுக்கி அந்த முறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும். வெயில் பட்டு உலர்ந்த தார், நிழலில் உறைந்த பனி என்று மாறி மாறி வரும் மலைச்சாலையில் அதற்கு வழியில்லை. பற்சக்கரங்களும் தண்டுகளும் அந்தச் சுமையைத் தாங்கவேண்டியிருக்கும். உலர்ந்த நீளமான பகுதி வந்தால் 2எச் நிலைக்குத் திரும்புவதை, டிராக்டர்காரரைப் போல, கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இறுக்கமான கொண்டை ஊசி வளைவில் 4எச் நிலையில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் வகையிலும், எக்ஸ்யூவி 700 ஆல் வீல் டிரைவிலும் இருப்பது தேவைக்கேற்ற இழுவை. சாதாரணமாக முன் சக்கரங்களே வேலை செய்யும். அவை வழுக்கும்போது, அல்லது வழுக்கப்போவதாகக் கணினி கணிக்கும்போது, பல தகடுகள் கொண்ட கிளட்ச் ஒன்று இறுகிப் பின்னச்சுக்கும் விசையை அனுப்பும். பழைய வண்டிகளில் இதே வேலையை சிலிக்கோன் திரவம் நிரம்பிய இணைப்பு செய்தது. சக்கரம் சுழன்று திரவம் சூடாகிக் கெட்டிப்பட்ட பிறகே பின் சக்கரம் உதவிக்கு வரும் என்பதால் வளைவின் நடுவில் வண்டியின் குணம் மாறிவிடும். இன்றைய மின்னணுக் கிளட்ச் மிக விரைவானது. ஆயினும் அதைப் பழக்கப்படாத வேலைக்கு ஏவுகிறோம்: பனியில் புதைந்த காரை வெளியே எடுக்க ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதிக்கிறோம். தகடுகள் சூடேறினால் தற்காப்புக்காகக் கிளட்ச் விடுபட்டு, முன் சக்கரங்களை மட்டும் இழுக்கவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'மிக வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டது' என்று பலரும் குறைப்படுவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். பனி தொடங்குவதற்கு முன்பே ஸ்னோ நிலைக்கு மாற்றுவது நல்லது. ஆக்ஸிலரேட்டரின் துடுக்கு தணிந்து, விசை மெல்லப் பாயும். இரு அச்சுகளையும் பிணைத்து வைக்கும் லாக் நிலை மெதுவாக நகர்ந்து மீள்வதற்கானது.

மூன்றாவது வகை, இருபுறமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கர அமைப்பான டிஃபரென்ஷியல் ஒன்றை இரு அச்சுகளுக்கும் நடுவில் வைத்து, எப்போதும் நான்கு சக்கரங்களையும் இயக்குவது. 1980இல் வந்த ஆடி குவாட்ரோ இதைச் சாலைக் கார்களிடையே புகழ்பெறச் செய்தது. பனி நாடுகளில் சுபாரு கார்களும் நான்கு சக்கர இழுவைக்காகப் பெயர் பெற்றவை. உலர்ந்த இடம், உறைந்த இடம் என்று மாறி வரும் சாலைக்கு இதுவே மிக இயல்பான ஏற்பாடு என்பது என் கருத்து, எதையும் மாற்றவேண்டியதில்லை. இரு மோட்டார்கள் கொண்ட மின்கார்களில் அச்சுகளை இணைக்கும் தண்டே கிடையாது. ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நொடிக்குள் திருத்தமுடியும். ஆனால் அவற்றில் வேறொரு கண்ணி உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மின்னாற்றலை மீட்பதற்காக மோட்டார் பிரேக் போலப் பிடிக்கும். பனிக்கட்டியில் அந்தத் திடீர்ப் பிடியே சக்கரத்தை வழுக்கவைத்துவிடக்கூடும். மீட்பு அளவைக் குறைவாக வைத்து ஓட்டுவது நல்லது.

எந்த வகையானாலும் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கு நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் உண்டு, அது பிடிமானம் இல்லாத சக்கரத்தை வீணாகச் சுழலவிடும். டிராக்டரில் குதிகாலால் டிஃப் லாக் மிதியை அழுத்துவது இதற்காகத்தான். கார்களில் பெரும்பாலும் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மற்றதற்கு விசையைத் திருப்புவார்கள்.

டயருக்கு வருவோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தேய்ந்த கோடை டயர் போட்ட ஆல் வீல் டிரைவைவிட, நல்ல குளிர்கால டயர் போட்ட இரு சக்கர இழுவைக் காரையே நான் எடுப்பேன். நம் ஊர் வெயிலுக்கென்று செய்த ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதும் இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால டயரின் கலவை அப்போதும் மென்மையாகவே இருக்கும். மான்ட்ரியல் அமைந்திருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், ஆல் வீல் டிரைவ் கார் என்பதற்காக யாருக்கும் விலக்கு இல்லை. டயரின் பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து இருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. மூன்று மலைமுகடுகளுக்குள் பனிச்செதில் பொறித்த சின்னமே பனியில் சோதித்துத் தேறியதற்கு அடையாளம். டெல்டாவின் சேற்றுக்காக நண்பர்கள் விரும்பி வாங்கும் பெரிய கட்டைகள் கொண்ட மட் டயர், உறைந்த சாலையில் ஏமாற்றிவிடும். சேற்று டயர் தன் பள்ளங்களில் ஒட்டிய வண்டலை உதறித் தள்ளவேண்டும். பனி டயரோ நுண்ணிய கீறல்களுக்குள் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏனெனில் பனியின் மேல் பனி நன்றாகப் பற்றும்.

சிக்கனம் கருதி இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவது இந்த வகை வண்டிகளுக்கு ஆகாது. முன் டயருக்கும் பின் டயருக்கும் தேயாமல் மிஞ்சிய ரப்பரின் உயரத்தில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் 25 மில்லிமீட்டர் வித்தியாசம் விழும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 மீட்டர். அத்தனையையும் நடுக்கிளட்சோ டிஃபரென்ஷியலோ ஓயாமல் ஈடுகட்டிக்கொண்டிருக்கவேண்டும். டயர் காற்றையும் ஊரில் பிடித்த அளவோடு விடாமல், அங்கே குளிரில் மீண்டும் பார்க்கவேண்டும்.

நமக்கு அறவே பழக்கமில்லாதது சரிவு. பாலத்து ஏற்றத்தையும் ஆற்றங்கரைச் சரிவையும் தவிர டெல்டா ஓட்டுநருக்குப் பள்ளம் மேடு தெரியாது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாலையில் உராய்வுக் குணகம் 0.1 ஆக இருந்தால், பிரேக்கை முழுவதும் பிடித்தாலும் வண்டி நிற்காது. கணக்குப்படியே நிற்க முடியாது. ஏறிச்சென்ற அதே தெம்பில் இறங்க முற்படுவதுதான் மலையில் நடக்கும் பெரிய தவறு. இறக்கத்தின் தலைப்பிலேயே, வேகமெடுக்கும் முன்பு, தாழ்ந்த கியருக்கோ, நான்கு சக்கரங்களும் மெதுவான கியர் விகிதத்தில் இழுக்கும் 4எல் நிலைக்கோ மாற்றி எஞ்சினைப் பிடிக்கவிடவேண்டும். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும் நேரத்தில், பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால், கடுங்குளிரைவிட வழுக்கல் அதிகம்.

பனி பெய்யும் நாட்களில் சோலாங்கிலிருந்து 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தை நோக்கிச் செல்லும் பாதையில், ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும் டயர்களின் மேல் பனிச்சங்கிலி கட்டியவற்றையும் மட்டும் காவல்துறை அனுமதிப்பது வழக்கம். இதைக் கேட்டுச் சிலர் சங்கிலி தங்களுக்குத் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். அனுமதி கிடைப்பது வேறு, இறக்கத்தில் நிற்பது வேறு. ஒரு ஜோடி மட்டும் இருந்தால் எந்த அச்சில் கட்டவேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும், வகைக்கு வகை அது மாறும். சங்கிலியை உறைந்த விரல்களோடு சாலையோரத்தில் முதல்முறையாகப் பிரித்துப் பார்ப்பதைவிட, கிளம்பும் முன்பு வீட்டு வாசலிலேயே இரண்டு முறை கட்டி அவிழ்த்துப் பழகுவது மேல். கட்டிய பிறகு சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, தளர்ந்திருப்பதை மீண்டும் இறுக்கிவிட்டுத்தான் பயணத்தைத் தொடரவேண்டும்.